பெட்டிக்குள் இருந்தவருக்கு முதுகுவலி

ஆஸ்திரியாவை ஆண்ட மரியா தெரசா மகாராணிக்கு 16 பிள்ளைகள். 'பதினாறும் பெற்று' என்று நாம் ஒரு பேச்சுக்குச் சொல்லும் வாழ்த்தை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றிய அம்மாள். அத்தனை பேரையும் பெற்று, நடுநடுவே போர்களையும் நடத்தியவருக்குப் பொழுதுபோக வேண்டாமா? 1769இல் பெல்த்தியே என்ற பிரெஞ்சுக்காரர் அரண்மனைக்கு வித்தை காட்ட வந்தார். இதெல்லாம் எப்படி நடக்கிறது என்று காதோரம் விளக்கிச்சொல்ல விஷயம் தெரிந்த ஆள் ஒருவர் வேண்டுமே என்று மகாராணி கூப்பிட்டு அனுப்பியது வொல்ஃப்காங் ஃபான் கெம்பலன் என்ற அரசு அதிகாரியை. உப்புச் சுரங்க நிர்வாகம், லத்தீன் சட்டப்புத்தகத்தை ஜெர்மனுக்கு மாற்றுவது என்று கொட்டாவி வரவழைக்கும் வேலைகளைப் பார்த்துவந்தவர் அவர்.

வித்தை முடிந்தது. "எப்படி?" என்றார் மகாராணி. இதென்ன பிரமாதம், இதைவிட அசத்தலாக நானே ஒன்று செய்துகாட்டுகிறேன் என்று கெம்பலன் வாயை விட்டார். ஆறு மாதம் லீவு கிடைத்தது. மேலதிகாரி முன்னால் வாயை விட்டதற்குத் தண்டனையாக லீவு வாங்கிய அரசு ஊழியர் உலகத்திலேயே இவர் ஒருவர்தான்.

1770இல் கெம்பலன் சக்கரம் வைத்த ஒரு மரப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு ஷோன்ப்ரூன் அரண்மனைக்குள் வந்தார். பெட்டி மூன்றரை அடி நீளம், இரண்டடி அகலம், இரண்டரை அடி உயரம். மேலே செஸ் பலகை. பலகைக்குப் பின்னால் தலைப்பாகை, தொளதொள அங்கி, கையில் நீண்ட புகைக்குழாய் சகிதம் ஒரு துருக்கிய பொம்மை. ஏன் துருக்கியர்? 1683இல் வியன்னாவை முற்றுகையிட்டுத் தூக்கத்தைக் கெடுத்தவர்கள் துருக்கியர்கள். எதிரியைப் பொம்மையாக்கி வீட்டுக்குள் உட்காரவைத்துப் பார்ப்பதில் ஒரு சுகம்.

கெம்பலன் பெட்டியின் கதவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். இடது பக்கம் பல்சக்கரமும் உருளையும் அடைசலாகக் கிடந்தன. வலது பக்கம் அனேகமாகக் காலி. பின்கதவையும் திறந்து மெழுகுவத்தியைப் பிடித்துக் காட்டினார். வெளிச்சம் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போயிற்று. பொம்மையின் அங்கியையும் தூக்கிக் காட்டினார். சபையில் சீமாட்டிகள் இருந்தார்கள். இருந்தும் விஞ்ஞானத்துக்காகப் பொறுத்துக்கொண்டார்கள். பிறகு கதவுகளைச் சாத்தி, சாவி கொடுத்தார். கடகடவென்று சத்தம். துருக்கியர் தலையைத் திருப்பிப் பலகையை நோட்டமிட்டு, இடது கையை நீட்டி ஒரு காயை நகர்த்தினார்.

எதிரே உட்கார்ந்தவர் கோபென்ஸ்ல் பிரபு. சீக்கிரமே தோற்றார். ராணிக்கு ஆபத்து என்றால் பொம்மை இரண்டு தடவை தலையாட்டும். ராஜாவுக்குச் செக் என்றால் மூன்று தடவை. எதிராளி கள்ளாட்டம் ஆடினால் காயை எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டுத் தன் ஆட்டத்தை ஆடும். மறுபடியும் மறுபடியும் ஆடினால் பலகையை வாரி இறைத்துவிடும். ஒரு மூதாட்டி சிலுவை போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கமாகப் போய் ஒதுங்கினாராம். கூடியிருந்த அறிவாளிகள் யாரும் ஓடவில்லை. அவர்கள் உடனே விவாதத்தில் இறங்கினார்கள்: இயந்திரத்தால் சிந்திக்க முடியுமா? முடியுமென்றால் மனிதனுக்கு மிஞ்சுவது என்ன? ஆன்மா எங்கே போயிற்று?

ஆன்மா எங்கும் போகவில்லை. பெட்டிக்குள் குந்தியிருந்தது.

அதன் நிலைமையைக் கொஞ்சம் விசாரிப்போம். பல்சக்கரம் இருந்தது பெட்டியின் மூன்றில் ஒரு பங்கில்தான். மற்ற இடத்தில் தண்டவாளத்தின் மேல் நகரும் ஒரு பலகை; அதில் ஒரு மனிதர். கெம்பலன் இடது கதவைத் திறந்தால் இவர் வலப்பக்கம் சறுக்குவார்; வலதைத் திறந்தால் இடப்பக்கம். கதவுகள் சாத்தியதும் ஒரு மெழுகுவத்தியை ஏற்றிக்கொள்வார். காய்கள் ஒவ்வொன்றுக்குள்ளும் காந்தம். பலகைக்கு அடியில் 64 கட்டங்களுக்கும் ஒவ்வொன்றாகத் தொங்கும் சிறு உலோகத் துண்டுகள். மேலே காயைத் தூக்கினால் கீழே துண்டு தொங்கிப்போகும், வைத்தால் ஒட்டிக்கொள்ளும். அண்ணாந்து அதைப் பார்த்து எதிராளியின் ஆட்டத்தைப் புரிந்துகொண்டு, மடியில் இருக்கும் இன்னொரு சின்னப் பலகையில் தன் ஆட்டத்தை யோசித்து, ஒரு நெம்புகோலை நகர்த்த வேண்டும். மேலே பொம்மையின் கை அப்படியே நகரும். மெழுகுவத்திப் புகை பொம்மையின் உடல் வழியாகத் தலைக்கு ஏறி வெளியேறும். அந்த வாசனையை யாரும் மோப்பம் பிடித்துவிடக் கூடாதென்று பெட்டிக்கு மேலேயும் மெழுகுவத்திகள் எரிந்தன. ஜூலை மாதத்துப் புழுக்கத்தில், அரைமணியோ ஒரு மணியோ, இருமாமல், தும்மாமல், கால் நீட்டாமல், ஐரோப்பாவின் பிரபுக்களைத் தோற்கடிக்க வேண்டும். கைதட்டல் பொம்மைக்கு. அன்பளிப்பு கெம்பலனுக்கு.

கெம்பலன் காலத்தில் அந்தப் பெட்டிக்குள் இருந்தவர் பெயர் வரலாற்றில் பதிவாகவே இல்லை. கோபென்ஸ்ல் பிரபு தோற்றது பதிவாகியிருக்கிறது, தோற்கடித்தவர் பெயரில்லை. பிற்காலத்தில் ராபர் ஊடேன் என்ற பிரெஞ்சு மந்திரவாதி அந்தக் காலியிடத்தை நிரப்ப ஒரு கதை கட்டினார்: போரில் இரண்டு காலையும் இழந்த போலந்து வீரர் ஒருவர்தான் உள்ளே இருந்தாராம். முழுக்கப் புளுகு. ஆனால் புளுகின் காரணத்தைக் கவனியுங்கள். இரண்டு காலோடு ஒரு மனிதர் அந்த இடத்தில் வேலை செய்தார் என்பதை நம்ப அவருக்கே மனம் வரவில்லை.

கெம்பலனுக்கு ஒரு நியாயம் உண்டு. அவர் இதைப் பெருமையாக நினைக்கவில்லை. பேசும் இயந்திரம் ஒன்றை நிஜமாகவே செய்துகொண்டிருந்தார். துருத்தியும் ரப்பர் வாயும் வைத்துச் சொற்களை உச்சரித்த உண்மையான கருவி. 1791இல் அதைப் பற்றிப் புத்தகமும் போட்டார். அதை யார் கேட்டார்கள்? "அந்தத் துருக்கி பொம்மை எங்கே?" என்றுதான் வந்தவர்கள் எல்லாரும் கேட்டார்கள். வெறுத்துப்போய் பொம்மையைப் பிரித்துப் போட்டார். 1781இல் ரஷ்ய இளவரசர் விருந்துக்கு வருகிறார், மறுபடி பூட்டு என்று ஜோசப் சக்கரவர்த்தி உத்தரவு போட்டார். 1783இல் ஐரோப்பியச் சுற்றுப்பயணம். பாரிஸில் அன்றைய தலைசிறந்த செஸ் ஆட்டக்காரர் ஃபிலிடோர் பொம்மையை வென்றார். வென்றாலும் இவ்வளவு களைப்பு எந்த ஆட்டத்திலும் வந்ததில்லை என்று ஒப்புக்கொண்டார். பெட்டிக்குள் இருந்தவருக்கு வந்த களைப்பைப் பற்றித் தகவல் இல்லை. பாரிஸில் தூதராக இருந்த பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் வந்து ஆடினார்.

லண்டனில் டிக்கெட் 5 ஷில்லிங். அங்கே ஃபிலிப் திக்னஸ் என்ற சண்டைக்கார எழுத்தாளர், உள்ளே ஒரு குழந்தையை ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று 1784இல் சிறுபுத்தகம் போட்டார். குழந்தையை வெளியே விடுங்கள் என்று சொன்னார் என்று நினைத்தால் தப்பு. கொடுத்த காசுக்கு ஏமாற்றப்பட்டோம் என்பதே அவருடைய வயிற்றெரிச்சல்.

இனிமேல்தான் சமாச்சாரம்.

அதே 1784 கோடைகாலம். டெர்பிஷயரில் மேட்லாக் என்ற ஊரில், சாப்பாட்டு மேசையில் எட்மண்ட் கார்ட்ரைட் என்ற பாதிரியார் உட்கார்ந்திருக்கிறார். வயது 41. கவிதை எழுதுவார். இயந்திரம் பற்றி ஒன்றும் தெரியாது. பக்கத்தில் மான்செஸ்டர் வியாபாரிகள். ஆர்க்ரைட்டின் நூற்பாலைகள் இப்படி நூலைக் கொட்டினால் நெய்ய ஆள் எங்கே கிடைக்கும் என்று அவர்கள் புலம்பினார்கள். அப்படியானால் நெய்வதற்கும் இயந்திரம் செய்ய வேண்டியதுதானே என்றார் பாதிரியார். அது நடக்கிற காரியமா என்று வியாபாரிகள் ஒரே குரலில் கையை விரித்தார்கள். அவர்களுக்கு நெசவு தெரியும். அதனால் முடியாது என்று நன்றாகத் தெரிந்திருந்தது. பாதிரியாருக்கு அந்தத் தொல்லை இல்லை. லண்டனில் செஸ் ஆடும் இயந்திரம் ஒன்றைக் காட்டுகிறார்களே, அத்தனை சிக்கலான ஆட்டத்தையே இயந்திரம் ஆடும்போது, சில அசைவே உள்ள நெசவுக்கு என்ன கேடு என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தர்க்கம் படிப்பவர்கள் இதைச் சட்டம்போட்டு மாட்டலாம். ஆதாரம் சுத்தப் பொய். முடிவு சுத்த உண்மை. பெட்டிக்குள் ஒருவர் குந்தியிருப்பது தெரிந்திருந்தால் பாதிரியார் வாயை மூடிக்கொண்டு சூப்பைக் குடித்திருப்பார்.

கொஞ்ச நாள் கழித்து அவர் ஒரு தச்சரையும் கொல்லரையும் பிடித்தார். தறி எப்படி இருக்கும் என்று அதுவரை பார்த்தது கிடையாது. போய்ப் பார்க்கவும் இல்லை. கற்பனையிலேயே ஒன்றைக் கட்டினார். பாவு செங்குத்தாக நின்றது. நூலை அடித்து நெருக்கும் பண்ணை அரை ஹண்டிரட்வெயிட் கனத்தோடு, அதாவது 25 கிலோ கனத்தோடு, வந்து விழுந்தது. நாடாவை எறியும் ஸ்பிரிங்கின் வேகத்தில் ஒரு ராக்கெட்டையே ஏவலாம் என்று பிற்பாடு அவரே சொல்லிச் சிரித்துக்கொண்டார். இரண்டு பயில்வான்கள் சேர்ந்து மெதுவாக, அதுவும் கொஞ்ச நேரந்தான், ஓட்ட முடிந்தது. மனித உழைப்பை மிச்சப்படுத்தும் இயந்திரத்துக்கு ஒரு நெசவாளி செய்யும் வேலைக்கு இரண்டு பயில்வான். இருந்தாலும் 1785 ஏப்ரலில் காப்புரிமை வாங்கிவிட்டார். வாங்கிய பிறகே, மற்றவர்கள் எப்படி நெய்கிறார்கள் என்று பார்க்கப் போனார். பார்த்ததும் திகைத்துப்போனாராம்: எவ்வளவு சுலபமாக நெய்கிறார்கள்!

பிறகு திருத்தித் திருத்தி ஓடவைத்தார். டான்காஸ்டரில் ஆலை போட்டுத் திவாலானார். அவருடைய தறிகளை மான்செஸ்டரில் போட்ட கிரிம்ஷா என்பவரின் ஆலை 1790களின் தொடக்கத்தில் எரிந்தது. தானாகப் பிடித்த தீ என்று யாரும் நம்பவில்லை. நாட்டுக்குச் செய்த உபகாரத்துக்காக 1809இல் நாடாளுமன்றம் பாதிரியாருக்கு 10,000 பவுண்டு கொடுத்தது. மூன்று வருஷம் கழித்து, 1812இல், லங்காஷயரின் வெஸ்ட்ஹவுட்டனில் விசைத்தறி ஆலையைக் கொளுத்தியவர்களில் நாலு பேருக்கு அதே அரசாங்கம் தூக்குக்கயிறு கொடுத்தது. அவர்களில் ஒருவன் பையன்.

அந்த 1812 பிப்ரவரியில் பிரபுக்கள் சபையில் ஒரே ஒரு குரல் இயந்திரம் உடைத்தவர்களுக்காக எழுந்தது என்று சொன்னால் மிகை. ஆனால் நினைவில் நின்ற குரல் ஒன்றுதான். 24 வயதுக் கவிஞர் பைரன். நாட்டிங்ஹாமில் காலுறை பின்னும் பொறிகளை உடைத்தால் மரணதண்டனை என்ற மசோதாவை எதிர்த்து அவருடைய கன்னிப்பேச்சு. பேச்சு அருமை. மசோதா நிறைவேறியது. அடுத்த மாதம் வெளிவந்த கவிதைப் புத்தகத்தால் பைரன் ஒரே நாளில் பிரபலமாகிவிட்டார். விதியின் குசும்பு, அவர் மகள் ஏடா வளர்ந்து போய்ச் சேர்ந்தது சார்லஸ் பாபேஜிடம். கணிப்பொறியின் தாத்தாவான அந்த பாபேஜ் இளவயதில் யாரோடு செஸ் ஆடித் தோற்றார் தெரியுமா? நம் துருக்கியரோடு. உள்ளே ஆள் இருக்கிறது என்று அவர் சந்தேகப்பட்டார். உள்ளே ஆள் இல்லாமல் யோசிக்கும் பெட்டி செய்ய முடியுமா என்று மிச்ச வாழ்நாளெல்லாம் போராடினார்.

கார்ட்ரைட் தறியின் வாரிசுகள் நெய்த துணி 19ஆம் நூற்றாண்டில் கப்பல் கப்பலாக இந்தியாவில் வந்து இறங்கியது. அடிவாங்கிய கைத்தறிகளில் நம் ஊர்த் தறிகளும் உண்டு. பிறகு அந்தத் தறியே இங்கு குடியேறிவிட்டது. குமாரபாளையம், பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் ராத்திரி தங்கியவர்களுக்கு அதன் தடதடப்பு தெரியும். சேலை, வேட்டி, துண்டு, லுங்கி, ஜமக்காளம் என்று சில ரகங்களைக் கைத்தறியில்தான் நெய்ய வேண்டும், விசைத்தறி தொடக் கூடாது என்று இந்திய நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது. ஆண்டு 1985. பாதிரியார் காப்புரிமை வாங்கிச் சரியாக 200 வருஷம். முதலில் பட்டியலில் 22 ரகம் இருந்தது, இப்போது 11. சட்டத்தை விசைத்தறி எவ்வளவு மதிக்கிறது என்பதை ஜவுளிக்கடையில் விலையைப் பார்த்தே தெரிந்துகொள்ளலாம்.

பொம்மைக்குத் திரும்புவோம். 1804இல் கெம்பலன் காலமானார். பொம்மையை அவர் மகனிடமிருந்து வாங்கியவர் யோஹான் மேல்ட்செல். மெட்ரோனோமைத் தன் பெயரில் பதிவுசெய்துகொண்டவர். யோசனை விங்கெல் என்ற இன்னொருவருடையது. பீத்தோவனுக்குக் காதுக்குழாய் செய்து கொடுத்து, பிறகு ஒரு இசைக்கோவை யாருக்குச் சொந்தம் என்று அவரோடேயே வழக்காடியவர். அடுத்தவர் மூளையைத் தன் பெட்டியில் அடைத்து விற்க இவரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது.

1809இல் வியன்னாவைப் பிடித்த நெப்போலியன் பொம்மையோடு ஆடி, வேண்டுமென்றே கள்ளாட்டம் ஆட, துருக்கியர் பலகையை வாரித் தள்ளினாராம். பல வடிவத்தில் உலவும் கதை. எல்லா வடிவத்திலும் நெப்போலியன் சிரிக்கிறார். உள்ளே இருந்தவர் சிரித்திருக்க மாட்டார். ஐரோப்பாவையே நடுங்கவைத்தவரை இருட்டுக்குள் குந்தியபடி அதட்டுவதென்றால் சும்மாவா?

நெப்போலியனின் வளர்ப்பு மகன் 30,000 பிராங்க் கொடுத்துப் பொம்மையை வாங்கினார். மேல்ட்செல் 1817இல் தவணை முறையில் அதைத் திரும்ப வாங்கினார். தவணை கழுத்தை நெரிக்க, பொம்மையோடு அமெரிக்காவுக்கு ஓடினார். 1826இல் நியூயார்க்கில் காட்சி. பெட்டிக்குள் புகுந்து ஆட ஆள் இல்லாததால் ஒரு பிரெஞ்சுப் பெண்ணுக்கு ஆட்டத்தின் கடைசிக் கட்டங்களை மட்டும் சொல்லிக்கொடுத்து உட்காரவைத்தார். துருக்கியர் ஏன் முழு ஆட்டம் ஆடுவதில்லை என்று ஜனங்கள் முணுமுணுத்தார்கள். பிறகு பாரிஸிலிருந்து ஷ்லும்பெர்கர் வந்துசேர்ந்தார். கஃபேயில் செஸ் சொல்லிக்கொடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தவர்.

1827 மே மாதம், பால்டிமோர். காட்சி முடிந்த பிறகு மேல்ட்செல் பெட்டியைப் பின்கட்டுக்குத் தள்ளிக்கொண்டுபோய்க் கதவைத் திறக்கிறார். உள்ளேயிருந்து வியர்த்து விறுவிறுத்த ஷ்லும்பெர்கர் ஊர்ந்து வெளியே வருகிறார். பக்கத்துக் கூரைமேல் இரண்டு பையன்கள். செய்தி பேப்பரில் வந்துவிட்டது. 57 வருஷமாக விஞ்ஞானிகளும் தத்துவவாதிகளும் முட்டிமோதிய புதிருக்கு, கூரையேறிய பையன்கள் இலவசமாக விடை சொன்னார்கள். யார் நம்பினார்கள்? விளம்பரத்துக்காக மேல்ட்செலே கிளப்பிவிட்ட கதை என்று பிற பத்திரிகைகள் ஒதுக்கிவிட்டன.

எட்கர் ஆலன் போ 1836இல் நீண்ட கட்டுரை எழுதினார். நிஜ இயந்திரமென்றால் எப்போதும் ஜெயிக்க வேண்டும், இது சிலசமயம் தோற்கிறது, ஆகவே மனிதர் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. செஸ் இயந்திரம் தோற்காது என்று அவருக்கு யார் சொன்னது? மேட்லாக் பாதிரியார் பொய்யிலிருந்து உண்மைக்குப் போனார். இவர் தப்பான வழியில் சரியான வீட்டுக்கு வந்துசேர்ந்தார். ஆனால் ஒன்றைச் சரியாகப் பார்த்தார். பொம்மையைப் பெட்டியில் கட்டும்போதும் அவிழ்க்கும்போதும் கூடவே இருக்கும் ஷ்லும்பெர்கர் காட்சி நேரத்தில் மட்டும் கண்ணில் படுவதே இல்லை. அவருக்கு உடம்பு சரியில்லாமல் போனபோது காட்சியும் நின்றது. அவர் தோள்கள் நன்றாகக் கூனியிருந்தன. உள்ளே இருந்தவரின் முதுகைக் கவனித்து எழுதினார் போ. அதையும் பரிதாபப்பட்டு எழுதவில்லை, துப்பறிய எழுதினார்.

1838இல் ஹவானாவில் மஞ்சள் காய்ச்சலில் ஷ்லும்பெர்கர் செத்துப்போனார். அவர் போனதும் காட்சியும் போயிற்று. மேல்ட்செல் திரும்பும் கப்பலிலேயே குடித்துக் குடித்து அதே ஆண்டு ஜூலையில் இறந்தார், கடலில் போட்டார்கள். பொம்மை ஃபிலடெல்ஃபியா அருங்காட்சியகத்தின் ஒரு மூலைக்குப் போய், 1854 ஜூலை 5ஆம் தேதி தீயில் கருகியது. நெருப்புக்குள்ளிருந்து அது 'செக்' என்று கத்தியதாகப் பின்னாளில் எழுதினார், கடைசிச் சொந்தக்காரரின் மகன். அப்போதும் கத்தியது பொம்மை என்றுதான் நினைத்தார்.

2005இல் அமேசான் நிறுவனம் ஒரு சேவை தொடங்கியது. கணினிக்குச் செய்யத் தெரியாத சில்லறை வேலைகளை, படத்தில் இருப்பது நாயா பூனையா என்பது மாதிரி, உலகெங்கும் வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சில சென்ட் கூலிக்குப் பிரித்துக்கொடுக்கும் சேவை. வேலை கொடுப்பவருக்கு அது கணினி செய்ததுபோலவே வந்துசேரும். பெயர் என்ன வைத்தார்கள்? மெக்கானிக்கல் டர்க். இயந்திரத் துருக்கியர். இதற்கு மேல் வெளிப்படையாக இருக்க முடியாது. செய்த வேலை பிடிக்கவில்லை என்று வேலை கொடுத்தவர் சொல்லிவிட்டால் கூலி கிடையாது. வேலை மட்டும் அவரிடமே இருக்கும். மேல்ட்செலுக்குக்கூட இந்த யோசனை தோன்றவில்லை. இதில் வேலை செய்தவர்களில் அமெரிக்கர்களுக்கு அடுத்தபடி இந்தியர்கள்தான் அதிகம்.

அடுத்தது என்ன நடந்திருக்கும் என்று ஊகித்திருப்பீர்கள். ஃபெய்-ஃபெய் லீ என்ற விஞ்ஞானி தம் குழுவோடு இமேஜ்நெட் என்ற படக்களஞ்சியத்தை உருவாக்கினார். ஒரு கோடியே நாற்பது லட்சம் படங்கள். அவற்றைப் பார்த்துப் பார்த்துப் பெயரெழுதியவர்கள் இதே டர்க்கில் வேலை செய்த 167 நாட்டு ஜனங்கள், சுமார் 49,000 பேர். அந்தப் படங்களில் பாடம் படித்துத்தான் 2012இல் படங்களை அடையாளம் காணும் போட்டியில் ஒரு கணினி நிரல் மற்ற போட்டியாளர்களையெல்லாம் தூக்கிச் சாப்பிட்டது. படம் பார்க்கத் தெரிந்த இயந்திரம் நிஜமாகவே வந்துவிட்டது. இரண்டாவது தடவையாக, பொய்த் துருக்கியர் மெய் இயந்திரத்தைப் பெற்றுப் போட்டார். அது வளர்ந்து எழுதவும் பேசவும் கற்றுக்கொண்டது. பிரபுக்களின் பழைய விவாதமும் மேசைக்குத் திரும்பியது. இயந்திரம் சிந்திக்கிறதா, அதற்கு உரிமைகள் உண்டா, அதற்கு மனம் நோகுமா? நாய்க்கும் பூனைக்கும் பெயரெழுதியவருக்கு வராமல் போன கூலியைப் பற்றி மாநாடு கூட்டியதாக நான் கேள்விப்படவில்லை.

டர்க்கில் இருந்தவர்களும் சும்மா இருக்கவில்லை. 2023இல் ஸ்விட்சர்லாந்தின் லோசான் நகர ஆராய்ச்சியாளர்கள், மருத்துவக் கட்டுரைகளின் சாரத்தை மேலும் சுருக்கி எழுதும் வேலையை அங்கே நாற்பத்துச் சொச்சம் பேருக்குக் கொடுத்தார்கள். வந்த சுருக்கங்களில் 33 முதல் 46 சதவீதம், சாட்ஜிபிடி மாதிரி ஒன்றை வைத்து எழுதியவை என்று கணக்கிட்டார்கள். இயந்திரத்துக்குள் மனிதரை உட்காரவைத்தால், மனிதர் தன் பங்குக்கு மடியில் ஒரு இயந்திரத்தை மறைத்துவைத்திருக்கிறார். மனிதர் கையால் எழுதியது என்று நம்பி இனி எதை வாங்குவது என்று ஆராய்ச்சியாளர்கள் கவலைப்பட்டார்கள். சரி, எது மனிதர் எழுதியது, எது இயந்திரம் எழுதியது என்று அவர்கள் எப்படிப் பிரித்தார்கள்? அதற்கென்றே ஒரு இயந்திரத்தைப் பழக்கினார்கள்.